எந்தக் கதவு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். மூன்று பேர் என்று எழுதக் கை இன்னும் பழகவில்லை. முகாமில் நீயும் உன் சமையல் அண்டா குண்டாக்களும் எப்படி? சுரங்கம் மலைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

பிரசவத்துக்கு வந்துவிட்டு நீ கிளம்பிப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சுண்டு நன்றாக இருக்கிறாள். நீ விளையாட்டாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது, இனி நல்ல பெயர் வைத்தாலும் எடுபடாது. பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், எழுந்து ஊரைக் கூட்டுகிறாள். நகத்தால் தன் முகத்தைத் தானே கீறிக்கொள்கிறாள். இரண்டு கைக்கும் சின்ன உறை மாட்டிவிட்டிருக்கிறேன்.

பஸ் நிலையத்தில் என் அறிவிப்பு மைக்கின் முன்னால் ஒரு புதுப் பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவள் குரல் கேட்கிறது. எந்த நடைமேடை என்பதை முழுங்கிவிடுகிறாள். மூட்டை முடிச்சோடு ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுவார்களோ பாவம்.

பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது. நாலாவது மாடி ஆயிற்றே, ஒரு பூட்டு போடச் சொல்லியிருக்கிறேன். பூட்டுக்கடை வைத்திருக்கும் உன் மாப்பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும். வீட்டில் பூட்டு வேலை என்றதும் முகமெல்லாம் பல்.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஊருக்கே சமைப்பவள் பட்டினி கிடக்கிற வழக்கத்தை விடு.

உன் வாயாடி

*

பிப்ரவரி 26

என் வாயாடிக்கு,

நான் கல்லு மாதிரி இருக்கிறேன். உங்கள் மூன்று பேரின் சௌக்கியத்தை இன்னும் விரிவாக எழுது.

ஒரு பக்கம் எழுதிவிட்டு விசேஷம் இல்லை என்கிறாயே, நீ பேசின பேச்சுக்குப் பயந்துதானே உனக்கு மைக் வேலையே கொடுத்தார்கள். பிள்ளை சிரித்தாளா, யார் ஜாடை, மூக்கு ஏதாவது தேறுமா, எல்லாம் வேண்டும். இங்கே எனக்குப் பேச்சுத்துணை வெங்காய மூட்டைதான். முகாமில் டெலிபோன் கிடையாது, ஆபீசில் ஒரு வயர்லெஸ் பெட்டி இருக்கிறது, அதையும் விபத்து என்றால்தான் தொட விடுவார்கள். தபால் லாரி வருகிற அன்று நான் வாசலிலேயே நிற்பேன்.

சுரங்கம் நன்றாகப் போகிறது. என்ஜினியர்தான் சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று தினமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். மலையைக் குடைகிற மனிதருக்கு உப்பு எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

கைக்கு உறை எதற்கு? நகத்தை வெட்டிவிட வேண்டியதுதானே. நான் வாங்கி வைத்துவிட்டு வந்தேனே ஒரு குட்டிக் கத்தரிக்கோல், அதை எடு. தூங்கும்போது வெட்டு, தெரியவே தெரியாது.

பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். பதில் எழுதத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

சுண்டு சிரித்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கு அவருடைய மூக்கு.

கத்தரிக்கோல் பத்திரமாக இருக்கிறது. சமையலறை இழுப்பறைக்கு ஒரு பூட்டு போடச் சொன்னேன், அதற்குள் இருக்கிறது. கத்தியும் அதிலேதான். சாவியை அவர் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். அதுதான் நல்லது. காலையில் காயெல்லாம் அவரே நறுக்கி வைத்துவிடுகிறார். சுண்டுவைக் குளிப்பாட்டுவதும் சாயங்காலம் அவர் வந்த பிறகுதான். அவர் நன்றாகக் குளிப்பாட்டுகிறார். நகத்தையும் அவரே தன் நகவெட்டியால் எப்போதாவது வெட்டிவிடுகிறார்.

தடுப்பூசிக்குப் போயிருந்தோம். நர்ஸ் எடை பார்த்து, "பாப்பா ஜோரா இருக்கா. அம்மா எப்படி இருக்கீங்க?" என்று அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அதற்குள் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

வருகிறவர்கள் எல்லோரும் என்னைக் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். தங்கமான புருஷன், தங்கமான பிள்ளை. உண்மைதான்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஏப்ரல் 18

என் கொடுத்து வைத்தவளுக்கு,

நான் நலம். காய் நறுக்கித் தரும் கணவர் வாய்த்த நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

உன் கடிதத்தை இங்கே பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். கத்தியைப் பூட்டிவிட்டால் நாமும் நறுக்க வேண்டாம் போலிருக்கிறதே என்று என் கத்திகளையே ஒரு நாள் ஒளித்துவைத்துவிட்டார்கள். நல்ல யோசனை கண்டுபிடித்தாய் போ. நாளைக்கு அடுப்புக்கும் ஒரு பூட்டு போடச் சொல்.

விளையாட்டு இருக்கட்டும். கடிதத்தில் ஏன் இப்படிச் சுருங்கிப் போனாய்? தூக்கம் போதவில்லையா? முதல் பிள்ளை என்றால் அலுப்பு இருக்கத்தான் செய்யும். மனசு சோர்ந்தால் பிள்ளை முகத்தைப் பார். எல்லாம் பறந்துவிடும்.

சுண்டுவுக்கு இரண்டு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம்.

எதிர் வீட்டு ரிட்டயர்டு டீச்சர் நேற்று வந்து கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. அவர் வெளியே பூட்டிக்கொண்டு போயிருந்தார். சாவி ஒன்றுதான், அது அவரிடம். டீச்சர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நின்று பேசினோம்.

"என்னம்மா, உள்ள வெச்சுப் பூட்டிட்டா போயிட்டாரு?"

"ஆமா டீச்சர். சாயங்காலம் வந்துடுவார்."

"தீ பத்திக்கிச்சுன்னா என்னம்மா பண்ணுவே?"

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். நல்லவர்கள்தான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் போகிற வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை.

சுண்டுவின் கன்னத்தில் புதிதாக ஒரு கீறல். உறையை உருவிப் போட்டுவிடுகிறாள்.

பஸ் நிலைய மைக் இப்போது கேட்பதில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதல்லவா.

நான் இல்லாவிட்டாலும் சுண்டுவுக்கு நீ இருக்கிறாய், இல்லையா அக்கா? சும்மாதான் கேட்டேன். கவலைப்படாதே.

தங்கை

*

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

என் தங்கையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறீர்களாமே. பால்கனிக்குப் பூட்டு, இழுப்பறைக்குப் பூட்டு, இப்போது வாசல் கதவுக்கும். சாவியெல்லாம் உங்கள் இடுப்பில். அவள் என்ன உங்கள் கடைச் சரக்கா? நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸை ஊரெல்லாம் கேட்க வழியனுப்பி வைத்தவள், இன்றைக்கு எதிர் வீட்டுக்காரியிடம் கதவு வழியாகப் பேசுகிறாள். நான் இல்லாவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டு எழுதுகிறாள். என்ன செய்தீர்கள் அவளை?

தாய் தகப்பன் இல்லாதவள், கேட்க நாதியில்லை என்று நினைத்துவிட்டீர்களா? நான் ஒருத்தி இருக்கிறேன். அடுத்த லாரிக்குள் பதில் வரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு நேரே வந்து நிற்பேன். உங்கள் பூட்டு என் உலக்கைக்கு முன்னால் நிற்காது.

இப்படிக்கு,
அவள் அக்கா

*

ஜூன் 12

அக்காவுக்கு வணக்கம்.

கோபத்திலும் சௌக்கியம் கேட்டீர்கள், நன்றி. நான் சௌக்கியம் இல்லை அக்கா. எனக்குச் சாவி வெட்ட வரும், எழுத வராது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பூட்டைக்கூட நானாகப் போடவில்லை. எல்லாம் அவள் கேட்டது. வாசல் கதவை வெளியே பூட்டச் சொன்னபோது மாட்டேன் என்றேன். அன்று முழுவதும் அழுதாள். "பூட்டிட்டுப் போங்க, சாவியை எங்கிட்ட குடுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டுப் போயிருந்தது. அந்தப் பயம் என்று நினைத்தேன்.

கடைக்கு வந்து "பயமா இருக்கு" என்பவரிடம் நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான், எந்தக் கதவு என்று. அவளிடமும் அதைத்தான் கேட்டேன். அவள் கதவைக் காட்டினாள், நான் பூட்டினேன். இருப்பதிலேயே உசத்தியான பூட்டாகப் பார்த்துப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் ஒன்று புரியவில்லை அக்கா. நல்ல பூட்டு போட்டுக் கொடுத்தால் வாடிக்கைக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். இவள் தூங்கவில்லை. சுண்டு தூங்கினாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பால் கொடுப்பதென்றால் கூடத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துதான் கொடுக்கிறாள், எழுந்து நின்று பிள்ளையைத் தூக்குவதில்லை. என் சவர பிளேடைக்கூடக் கடைக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். அத்தனை பூட்டுக்குப் பிறகும் பயம் கூடிக்கொண்டுதான் போகிறது. நான் எந்தக் கதவை விட்டுவிட்டேன் என்று தெரியவில்லை.

நீங்கள் வாருங்கள். உலக்கையோடு வந்தாலும் சரி.

உங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அதை அப்புறம் நேரில் விரிவாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே என் செய்தி உங்கள் கடைப் போனுக்கு வந்திருக்கும். என்ஜினியரின் கையில் காலில் விழுந்து, ஒரு விபத்து என்று சொல்லி, வயர்லெஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லி, அங்கிருந்து உங்களுக்குப் போன் செய்ய வைத்தேன். "கடையை மூடு, வீட்டுக்குப் போ, கதவைத் திற, அவள் பக்கத்தில் உட்கார்" என்பதற்கு மேல் அனுப்ப முடியவில்லை. மரியாதைக்கு இடமில்லை. மீதியை இதில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். சவர பிளேடு என்ற இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன். எந்தத் திருடன் மாப்பிள்ளை சவர பிளேடைத் திருட வருவான்? வெளியே இருப்பவன் உள்ளே வராமல் இருக்கத்தானே நீங்கள் பூட்டு போடுவது. அவள் கேட்ட பூட்டெல்லாம் உள்ளே இருக்கிற ஒருத்திக்கு. அவள் தன்னைப் பார்த்தே பயப்படுகிறாள். பிள்ளைக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். நானும்தான் ஒவ்வொரு பூட்டையும் படித்துப் படித்துச் சிரித்தேன்.

முகாமுக்கு வரும் டாக்டரம்மாவிடம் இரண்டு பேர் கடிதத்தையும் காட்டினேன். பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பெண்களுக்கு வருகிற நோய் இது என்றார். மனச்சோர்வு. சோம்பல் இல்லை, திமிர் இல்லை, பிள்ளைமேல் பாசம் இல்லாததும் இல்லை. வேண்டாத நினைப்புகள் தானாக வந்து பயமுறுத்துமாம். வெளியே சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று அவர்கள் வாயையே திறக்க மாட்டார்களாம். வைத்தியம் உண்டு, குணமாகும் என்றார். ஆனால் உயிரே வேண்டாம் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார். அந்தப் பேச்சு வந்துவிட்டது. எனக்கு எழுதியிருக்கிறாள்.

ஆகவே எந்தக் கதவு என்று கேட்காதீர்கள். யாரைப் பார்த்துப் பயம் என்று கேளுங்கள். அவள் எதைச் சொன்னாலும் முகம் மாறாதீர்கள். அவளைத் தனியாக விடாதீர்கள். இன்றைக்கே அழைத்துப் போங்கள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரியும் போலிருக்கிறது. பாதை அடைபட்டால் இந்த லாரிதான் கடைசி, அப்புறம் நானும் இங்கே பூட்டிக் கிடக்க வேண்டியதுதான்.

அக்கா

*

ஜூலை 30

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாயா? பாதை திறக்கும்வரை உன் முகாமுக்குத் தபாலே எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்குத்தான் எடுக்கிறார்கள். நான் நலம் என்று எழுத மாட்டேன். முன்பு எழுதியதெல்லாம் பொய். இப்போது முன்னைவிடப் பரவாயில்லை, அது நிஜம்.

உன் செய்தி கடைக்கு வந்த அன்றைக்கு, உன் கடிதம் வருவதற்கு முன்பே, மத்தியானம் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, கதவை அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்புறம், "என்ன பயம்னு நான் கேக்கவே இல்லையே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "யாரைப் பாத்துப் பயப்படறே?" என்றார்.

"என்னைத்தான்" என்றேன்.

எல்லாம் சொன்னேன். பால்கனிக் கதவு காற்றில் அடிக்கவே இல்லை. அங்கே போய் நின்றால் என் கை சுண்டுவை விட்டுவிடுகிற மாதிரி ஒரு படம் கண்ணுக்குள் ஓடும். கத்தரிக்கோலைப் பார்த்தால் வேறு படம். தண்ணீரைப் பார்த்தால் வேறு. நான் கூப்பிடாமலே வரும். இப்படியெல்லாம் தோன்றுகிறவள் ஒரு தாயா? அதனால்தான் சாவியே என்னிடம் இருக்கக் கூடாது என்றேன். கடைசியில் நான் செத்துப்போனால் அவளுக்கு நல்லது என்றே தோன்ற ஆரம்பித்துவிட்டது. உன்னிடம் சும்மா கேட்டது அதுதான்.

அவர் முகம் மாறவில்லை. ஆனால் அழுதார். "நான் பூட்டு போட்டுக்கிட்டே இருந்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதிர் வீட்டு டீச்சர் திறந்த கதவைப் பார்த்து உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் சுண்டுவைத் தூக்கிக்கொண்டார்கள். நாங்கள் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் படம் வரும்போது உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" உயிரே போகிற மாதிரி இருக்கு என்றேன். "ஆசையா இருக்குன்னு சொல்லலையே. நோய்தாம்மா பேசுது" என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார், பால் கொடுக்கிறவள் என்று பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். வாராவாரம் போய்ப் பேசுகிறேன். பகலில் டீச்சர் வந்து இருக்கிறார்கள், மீதி நேரம் அவர்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளை முகத்தைப் பார், எல்லாம் பறந்துவிடும் என்று எழுதினாயே. அவள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயமே. அந்த வரியைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் பறப்பது எனக்கு மட்டும் பறக்கவில்லையே என்று எவ்வளவு அழுதேன் தெரியுமா?

வாசல் பூட்டைக் கழற்றிவிட்டார். கதவில் திருகாணி போட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. மற்ற இரண்டும் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அந்தப் படங்கள் இன்னும் வருகின்றன. சில நாள் விடிந்ததும் ஏன் விடிந்தது என்றிருக்கிறது. இப்போது அதை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 14

என் செல்லத்துக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதத்தைக் கண்ணில் பார்க்கிறவரை அப்படிச் சொல்ல முடியாமல்தான் இருந்தேன். பாதை மூடிக் கிடந்த நாளெல்லாம் என்ன சமைத்தேன் என்று எனக்கே தெரியாது. என்ஜினியர் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவு மோசம்.

நான் எழுதியது மடத்தனம். உன் கோபம் நியாயம், வைத்துக்கொள். அடுத்த மாதம் லீவில் வருகிறேன், நேரில் இன்னும் கொஞ்சம் திட்டு. சுண்டுவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு. சந்தோஷமாக இரு என்று இனி எழுத மாட்டேன். எப்படி இருக்கிறாயோ அப்படியே எழுது.

அக்கா

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், காலையில் சுமார், சாயங்காலம் நன்று. நீ கிளம்புவதற்குள் இது வந்து சேருமோ என்னவோ, ஆனாலும் உனக்கு எழுத வேண்டும்.

இன்று அவர் கடையிலிருந்து வந்ததும் இழுப்பறைச் சாவியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டு சாவியைக் கையில் வைத்தார். நானே திறந்தேன். நீ வாங்கிக் கொடுத்த குட்டிக் கத்தரிக்கோல் இன்னும் அட்டையைவிட்டுப் பிரிக்காமலே இருந்தது.

"நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்றார்.

"யார் கையை?"

"சுண்டு கையைத்தான். உன் கையை எதுக்குப் பிடிக்கணும்?" என்றார். அக்கா, அவர் அதை யோசித்துக்கூடச் சொல்லவில்லை.

உறையைக் கழற்றினேன். அந்தப் படம் வந்தது. வந்தால் வரட்டும், நோய்தான் பேசுகிறது என்று டாக்டர் சொன்னதை உரக்கவே சொன்னேன், பஸ் நிலையத்தில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக. சுண்டு அண்ணாந்து என்னையே பார்த்தாள். பிறகு வெட்டினேன். கட்டைவிரலில் ஆரம்பித்து ஒரு கை முடித்தேன். எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

அடுத்த கைக்குத் தைரியம் வரவில்லை. போதும், பூட்டிவிடுங்கள் என்றேன், பூட்டிவிட்டார். அதை நாளைக்குப் பார்க்கலாம். நாளைக்கு முடியாவிட்டால் நீ வந்த பிறகு.

இப்போது என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். ஒரு கையில் உறை இருக்கிறது. உறை இல்லாத கையைக் கன்னத்தின்மேல் வைத்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கீறவில்லை.

பார்த்து வா. மலைப்பாதையில் ஜன்னல் ஓரம் உட்காராதே, உனக்குத் தலை சுற்றும்.

உன் வாயாடி